‘தூக்கம் வரலையாம்’: இடையில் நின்று பேசுபவரைப் பற்றி

“என்ன பண்ணுது அவருக்கு?”

“தூக்கம் வரலையாம் டாக்டர். நெஞ்சை அடைக்குதாம்.”

ராமநாதபுரம் கடலோரத்தில் எந்த ஆஸ்பத்திரி வரிசையில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். நோயாளி ஒடிசாக்காரர். பதில் சொல்பவர் அவரைக் கூட்டிவந்த மேஸ்திரி. இதில் அந்த ‘ஆம்’ என்ற ஒட்டைக் கவனியுங்கள். தமிழில் ‘வரலையாம்’ என்றால் ‘அவர் சொல்கிறார், எனக்குத் தெரியாது’ என்று அர்த்தம். குரலைக் கொஞ்சம் இழுத்தால் ‘எனக்கு நம்பிக்கையில்லை’ என்றும் ஆகிவிடும். இரண்டு வாரமாகக் கண்மூடாத மனிதரின் வேதனை, மருத்துவர் மேசைக்கு வரும்போதே பாதி பொய்யாகிப்போய் வருகிறது.

இந்தக் கரைக்கு இந்த விஷயத்தின் இரண்டு பக்கமும் தெரியும். கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் சவூதி, துபாய், குவைத் என்று ஆள் போகாத தெரு இல்லை. வளைகுடா லாஞ்சுகளில் மீன்பிடிக்கவென்றே போகிறவர்களும் உண்டு. அதே ஊர்களில் இன்று கம்பி கட்டவும், ராமேசுவரம் லாட்ஜுகளில் அறை துடைக்கவும் ஒடிசா, வங்காளம், பிகார், ஜார்க்கண்டிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள். மண்டபம் முகாமிலோ 1980களிலிருந்து இலங்கையிலிருந்து வந்தவர்கள். நம் பிள்ளை அங்கே படுவதும் இன்னொருவர் பிள்ளை இங்கே படுவதும் ஒரே பாடுதான்.

இதை அதிகம் அளந்து எழுதி வைத்திருப்பது அமெரிக்கா. மெக்சிகோ, குவாத்தமாலா, கியூபா, எல் சால்வடோர் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்களையும் அவர்கள் வழிவந்தவர்களையும் அங்கே லத்தீனோ என்கிறார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கில் 6.2 கோடிப் பேர். கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ மாவட்டத்தில் மெக்சிகோ வழியினரிடம் நடத்திய ஓர் ஆய்வு 1998இல் வெளிவந்தது. வாழ்நாளில் ஏதாவது ஒரு மனநலக் கோளாறு வந்தவர்கள், மெக்சிகோவிலிருந்து குடியேறியவர்களில் நூற்றுக்கு 25 பேர். அமெரிக்காவிலேயே பிறந்தவர்களில் 48 பேர். குடியேறியவர்களுக்குள்ளும் 13 ஆண்டுக்குக் குறைவாகத் தங்கியவர்களைவிட அதற்குமேல் தங்கியவர்களுக்கு அதிகம். ‘ஊரைவிட்டு ஓடிவந்தவன் மனசு பலவீனம்’ என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை நிதானமாகப் பார்க்க வேண்டும். வரும்போது திடமாகத்தான் வருகிறார்கள். இருக்க இருக்கத் தேய்கிறார்கள்.

தேய்ப்பது எது? அடி உதை எல்லோருக்கும் நடப்பதில்லை. அன்றாடச் சிறுமைதான் அதிகம். டேவிட் வில்லியம்ஸ் என்ற ஆய்வாளரின் குழு 1997இல் இதை அளக்க 9 கேள்விகள் வகுத்தது. மற்றவர்களைவிட மரியாதை குறைவாக நடத்துகிறார்களா? கடையில், ஹோட்டலில் மற்றவர்களைவிட மோசமாகக் கவனிக்கிறார்களா? உங்களுக்கு அறிவு குறைவு என்பதுபோல் நடந்துகொள்கிறார்களா? உங்களைக் கண்டு பயப்படுகிறார்களா, திருடன் என்று நினைக்கிறார்களா? இப்படிப் போகும். ஒவ்வொன்றும் எத்தனை நாளுக்கு ஒருமுறை நடக்கிறது என்பதுதான் கணக்கு. எந்த நேரமும் எவன் என்ன சொல்வானோ என்று உடம்பு காவல் காத்தபடியே இருக்கிறது. காவல் இருக்கிற உடம்பு தூங்காது. தூக்கம் போனால் பசி போகும், பொறுமை போகும், பிறகு மனசு போகும்.

சவூதியில் ‘ரஃபீக்’ என்று கூப்பிடுவார்கள். அரபியில் அதற்கு நண்பன் என்று பொருள். ஆனால் தெற்காசியக் கூலியாளைப் பார்த்துச் சொல்லும்போது அதில் நட்பு இருக்காது, ‘ஏய்’ இருக்கும். போய்வந்தவர்களைக் கேளுங்கள், அந்தச் சொல் எங்கே குத்தும் என்று சொல்வார்கள். இங்கே நாம் ‘பையா’ என்கிறோம். இந்தியில் அது அண்ணன். நாம் சொல்கிற தொனியில் அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. பெயரைக் கேட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கு ஒரு பைசா செலவில்லை.

நேரடியாக அடிபடாதவரையும் பயம் விடாது. 2008 மே 12 அன்று அயோவா மாநிலத்தின் போஸ்ட்வில் என்ற சிற்றூரில் இறைச்சித் தொழிற்சாலைக்குள் குடியேற்றத் துறை புகுந்து 389 பேரைப் பிடித்தது. அதன்பிறகு அந்த மாநிலம் முழுவதும் லத்தீனோத் தாய்மார்களுக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு, முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட 24 விழுக்காடு கூடியிருந்ததாகப் பின்னால் ஆய்ந்து சொன்னார்கள். குடியுரிமை உள்ள, பிடிபட வழியே இல்லாத தாய்மார்களுக்கும் அதேதான். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்வதாகப் பொய் வீடியோக்கள் சுற்றியதை நினைத்துக்கொள்ளுங்கள். வீடியோ பொய். ஆனால் மூட்டை கட்டி ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் படபடப்பு பொய்யில்லை.

இந்த வேதனை ‘எனக்கு மனச்சோர்வு’ என்று வந்து நிற்காது. உடம்பாக வரும். கரீபியன் லத்தீனோக்களிடம் ‘அட்டாக்கே டே நெர்வியோஸ்’ என்று ஒன்று உண்டு. நெஞ்சிலிருந்து தலைக்குச் சூடு ஏறும், உடல் நடுங்கும், அலறுவார்கள், அழுவார்கள், சிலர் மயங்கி விழுவார்கள். அமெரிக்க மனநலக் கையேடான டி.எஸ்.எம்-5 அதைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. நம் பக்கம் ‘நெஞ்சு படபடங்குது’, ‘மண்டை காயுது’, ‘கை கால் எல்லாம் உளையுது’, ‘கிறுகிறுன்னு வருது’. இந்தியில் ‘கப்ராஹட்’ என்றால் உள்ளுக்குள் தவிப்பு. அதைத் துபாசி, அதாவது இடையில் நின்று மொழிபெயர்ப்பவர், ‘பயமா இருக்காம்’ என்று சொன்னால் பாதிதான் வந்தது. ‘நெஞ்சு வலி’ என்று சொன்னால் ஈ.சி.ஜி. எடுத்து, ஒன்றுமில்லை என்று வைட்டமின் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஈ.சி.ஜி. எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுத்தேயாக வேண்டும். அது சரியாக இருந்தால் அடுத்த கேள்விக்குப் போக வேண்டும் என்கிறேன்.

துபாசி என்ற பழைய சொல்லை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். இரண்டு பாஷைக்காரர். கப்பல் வியாபாரம் நடந்த இந்தக் கரையோரங்களில் சரக்குக்கும் விலைக்கும் நடுவில் நின்றவர் அவர். இன்று உயிருக்கும் மருந்துக்கும் நடுவில் நிற்கிறார். யாரை அந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

மேஸ்திரியையும் கான்ட்ராக்டரையும் நிறுத்தக் கூடாது. தூக்கமின்மைக்குக் காரணமே வராத கூலியாக இருக்கலாம். அதை அவரே மொழிபெயர்ப்பாரா? கணவனை நிறுத்தக் கூடாது, அடிக்கிறவன் அவனாக இருக்கலாம். பிள்ளைகளை நிறுத்தவே கூடாது. பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்துவிட்ட 10 வயதுப் பெண், அம்மாவுக்காகப் பேச வருவாள். ‘சாகணும்போல இருக்கு’ என்று அம்மா சொன்னால் அந்தக் குழந்தை அதைத் தன் வாயால் சொல்ல வேண்டும். பெரும்பாலும் சொல்லாது, ‘அம்மாவுக்குத் தலை வலிக்குது’ என்று முடித்துவிடும். பிறகு அந்தச் சொல்லைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு வளரும். அமெரிக்காவில் அவசர ஆபத்து தவிர வேறெதற்கும் சிறுவர்களைத் துபாசியாக்கக் கூடாது என்று 2016இல் விதியே போட்டார்கள். மருத்துவமனை போன்ற இடங்களில் மொழி உதவி தர வேண்டும் என்ற கடமைக்கு அங்கே 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டம் அடிப்படை. அதை விரித்துச் சொன்ன 2000ஆம் ஆண்டு அதிபர் ஆணையை 2025 மார்ச்சில், ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக்கிய உத்தரவோடு ரத்து செய்துவிட்டார்கள். ஆனால் 1964 சட்டம் அப்படியே இருக்கிறது.

சொல் பிசகினால் என்னாகும் என்பதற்கு அங்கே எல்லோரும் சொல்லும் வழக்கு ஒன்று. 1980இல் ஃப்ளோரிடாவில், கியூபக் குடும்பத்தைச் சேர்ந்த 18 வயது இளைஞர் நினைவிழந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறார். வீட்டார் ‘இன்டாக்ஸிகாடோ’ என்றார்கள். அவர்கள் வழக்கில் அதற்குச் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல் உடம்பு கெட்டவர் என்று பொருள். ஆங்கிலக் காதுக்கு அது போதை ஏறியவர் என்று கேட்டது. போதைமருந்து அதிகமாகிவிட்டதாக எடுத்துக்கொண்டு வைத்தியம் பார்த்தார்கள். உண்மையில் மூளையில் ரத்தக் கசிவு. கையும் காலும் விழுந்துவிட்டன. இழப்பீடு வாழ்நாள் கணக்கில் சுமார் 7 கோடி டாலர். துபாசி ஒருவரைக் கூப்பிடவே இல்லை; எல்லோருக்கும் புரிந்துவிட்டதாக இரு தரப்பும் நினைத்ததுதான் காரணம்.

நமக்கும் அப்படிப்பட்ட பள்ளங்கள் உண்டு. இந்தியில் ‘கல்’ என்றால் நேற்றும்தான், நாளையும்தான். ‘பர்சோன்’ என்றால் முந்தாநாளும் நாளை மறுநாளும். வினைச்சொல்லைப் பார்த்துத்தான் எதுவென்று தெரியும். சினிமாவில் இந்தி கற்றவருக்கு வினைச்சொல் பிடிபடாது. ‘மாத்திரையை நேத்து நிறுத்திட்டார்’ என்பது ‘நாளைக்கு நிறுத்தப்போறார்’ ஆகிவிடும். ஆகவே கிழமை சொல்லச் சொல்லுங்கள், அல்லது மேசை மேல் காலண்டரை வைத்து விரலால் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று, வடக்கிலிருந்து வந்தவரெல்லாம் இந்திக்காரர் என்று நினைப்பது. ஒடியா, வங்காளி, போஜ்புரி, சந்தாளி என்று வீட்டுமொழி வேறாக இருக்கும். கடையில் சாமான் வாங்கும் இந்தியில் ஒருவர் தன் துக்கத்தைச் சொல்ல முடியாது. அமெரிக்காவிலும் இதே தவறுதான். குவாத்தமாலாவிலிருந்து வந்தவருக்கு ஸ்பானிஷ் துபாசியைக் கூட்டிவருவார்கள். அவர் பேசுவது மாம் அல்லது கீச்சே. தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார், ஒன்றும் புரிந்திருக்காது. முதல் கேள்வி ‘உங்க ஊர் எது’ என்பதல்ல, ‘வீட்டில் என்ன பாஷை பேசுவீங்க’ என்பதுதான்.

தமிழுக்குள்ளேயே இடறும். மண்டபம் முகாமில் ஓர் அம்மா ‘ஒரே யோசினையா கிடக்கு’ என்றால், நம் காதுக்கு ஏதோ திட்டம் போடுகிறார் என்று கேட்கும். இலங்கைத் தமிழில் யோசனை என்றால் கவலை. ‘ஏலாது’ என்றால் முடியவில்லை. ‘விசர்’ என்றால் பைத்தியம். ‘அகதி’ என்ற சொல்லே எத்தனை வருடமாக அவர்களைக் குத்தியது என்பதற்கு, 2021 ஆகஸ்டில் தமிழக அரசு முகாமின் பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியதே சாட்சி.

சரி, நல்ல துபாசி கிடைத்துவிட்டார். என்ன செய்வது?

நோயாளி உள்ளே வருமுன் 5 நிமிடம் அவரோடு தனியாகப் பேசுங்கள். சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும். கூட்டவோ குறைக்கவோ கூடாது. இடையில் புத்தி சொல்லக் கூடாது. இந்த அறையில் கேட்டது வெளியே போகக் கூடாது. தற்கொலை பற்றிக் கேட்கப்போகிறோம், அந்தக் கேள்வியை மழுப்பாமல் கேட்க வேண்டும் என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முன்னறிவிப்பு இல்லாவிட்டால் அவரும் மனுஷர்தானே, கூசிப்போய் ‘ரொம்பக் கவலையா இருக்கா’ என்று கேட்டுவிடுவார். ஒரே ஊர்க்காரர் என்றால் நோயாளிக்குச் சம்மதமா என்று கேளுங்கள். ஒரே கொட்டகையில் தங்குகிறவர் என்றால் வேண்டாம்.

நாற்காலியை நோயாளிக்குப் பக்கத்தில், கொஞ்சம் பின்னால் தள்ளிப் போடுங்கள். அப்போது மருத்துவரின் கண் நோயாளி மேல் இருக்கும். துபாசியைப் பார்த்து ‘அவர்கிட்ட கேளுங்க’ என்று சொல்லாமல், நோயாளியைப் பார்த்தே ‘உங்களுக்கு எப்போ இருந்து இப்படி இருக்கு’ என்று கேளுங்கள். ஒரு தடவைக்கு ஒரு வாக்கியம், மிஞ்சினால் இரண்டு. துபாசி தன்மையில், அதாவது நோயாளியாகவே ‘நான்’ என்று பேச வேண்டும். ‘எனக்குத் தூக்கம் வரலை.’ அந்த ‘ஆம்’ வேண்டாம். பழக இரண்டு மூன்று தடவை ஆகும். திருத்திக்கொண்டே வந்தால் வந்துவிடும். நேரம் இரண்டு மடங்கு பிடிக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி 3 நிமிடம் பேசி, துபாசி ‘இல்லையாம்’ என்று ஒரு சொல்லில் முடித்தால், நிறுத்தி முழுவதையும் சொல்லச் சொல்லுங்கள்.

கையில் மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 கேள்வித்தாள் இருந்தால் நல்லது. தமிழிலும் இந்தியிலும் இன்னும் பல இந்திய மொழிகளிலும் இருக்கிறது, இலவசம். கடந்த 2 வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று 9 கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 10ஐத் தொட்டால் மருத்துவர் உட்கார்ந்து விசாரிக்க வேண்டும், 20ஐத் தொட்டால் கடுமை. 9ஆவது கேள்வி தற்கொலை எண்ணம். மொத்தம் 4 ஆகவே இருந்தாலும் அதில் 1 விழுந்தால் அன்றே பார்க்க வேண்டும். படிக்கத் தெரியாதவரிடம் தாளை நீட்டாதீர்கள், கேட்டு எழுதுங்கள். ‘ஒன்றுமில்லை, சில நாள், பாதிக்கு மேல், ஏறக்குறைய தினமும்’ என்ற நான்கு படி குழப்பினால் 14 புளியங்கொட்டையை மேசையில் வைத்து, எத்தனை நாள் அப்படி இருந்ததோ அத்தனையை எடுத்து வைக்கச் சொல்லலாம்.

தற்கொலை பற்றி நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ‘செத்துடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கீங்களா? இன்னைக்கே செய்யணும்னு இருக்கா?’ மூன்றாவதுக்கு ஆமாம் என்றால் தனியாக விடக் கூடாது, கொட்டகைக்குத் திருப்பி அனுப்பக் கூடாது.

துபாசியே கிடைக்காத நாட்களும் இருக்கும். 14416, டெலி-மானஸ். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, மொழியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இந்தி, ஒடியா, வங்காளி எல்லாம் இருக்கிறது. நோயாளியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டுப் பேசலாம். செல்போனில் இருக்கும் மொழிபெயர்ப்புச் செயலி, கழிவறை எங்கே, எக்ஸ்ரே அறை எங்கே என்பதற்குப் போதும். உயிர் விஷயத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

இதெல்லாம் மருத்துவரின் பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, நோயாளிக்குப் புரியும் மொழியில், புரியும் விதத்தில் விளக்கிய பிறகு வாங்கினால்தான் அது சம்மதம். புரியாத தமிழ்த் தாளில் வாங்கிய கைநாட்டு சம்மதம் ஆகாது.

இனி நம் பிள்ளைகள் போகிற பக்கம். வளைகுடாவுக்குப் போகுமுன் எடுக்கும் மெடிக்கலில் காசநோய், எச்.ஐ.வி. எல்லாம் பார்ப்பார்கள். மனநல மாத்திரை சாப்பிடுகிறவர் அதை மறைக்க, டிக்கெட் வந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவார். போய் ஒன்றிரண்டு மாதத்தில் நோய் திரும்பிவிடும். நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள், பொருத்தமான மாத்திரையும் ஆங்கிலத்தில் கையெழுத்திட்ட சீட்டும் வாங்குங்கள். டயாசெபாம், குளோனசெபாம், டிரமடால் போன்ற பதற்ற, வலி மாத்திரைகளை ஐக்கிய அரபு அமீரகம், சவூதி நாடுகளுக்குள் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் வழக்கு வரும்.

அரபியில் நாலு சொல் கற்றுக்கொண்டு போங்கள். ‘அன தஅபான்’ என்றால் எனக்கு உடம்புக்கு முடியவில்லை. ‘முஸ்தஷ்ஃபா’ ஆஸ்பத்திரி. ‘மா அனாம்’ என்றால் தூங்குவதில்லை. ‘மஜ்னூன்’ என்ற சொல்லை மட்டும் உங்களைப் பற்றியோ அறைத்தோழரைப் பற்றியோ யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அது பைத்தியம். அந்த முத்திரை விழுந்தால் சிகிச்சைக்குப் பதில் போலீஸ் வரலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. “சாப்பிட்டியா வாப்பா?” என்றால் “சாப்பிட்டேன் உம்மா” என்றுதான் பதில் வரும். பட்டினி கிடந்தாலும் அதே பதில்தான். அதற்குப் பதில் “நேத்து எத்தனை மணிக்குப் படுத்த? நடுவுல எந்திரிச்சியா? ரூம்ல யார்கூடப் பேசுன?” என்று கேளுங்கள். பதிலில் தடுமாற்றம் தெரியும். தினமும் பேசினவன் வாரம் ஒருமுறை என்று குறைத்தால், இருக்கிற காசையெல்லாம் திடீரென்று அனுப்பிவிட்டு எல்லோரையும் பார்த்துக்கொள்ளச் சொன்னால், அன்றே அறைத்தோழரைப் பிடித்து அவனோடு இருக்கச் சொல்லுங்கள். தூதரகத்துக்கும் சொல்லுங்கள், மதத் என்ற வெளியுறவு அமைச்சக இணையதளத்தில் புகாரும் பதியுங்கள். கையில் காசில்லாமல் சிக்கிக்கொண்டவர்களின் அவசர சிகிச்சைக்கும் திரும்பும் டிக்கெட்டுக்கும் தூதரகங்களிடம் 2009இல் உண்டான இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. மனம் கலங்கியவரை விமானத்தில் ஏற்ற, பயணத்துக்குத் தகுதி என்று அங்குள்ள மருத்துவர் தரும் சான்றும் துணைக்கு ஓர் ஆளும் கேட்பார்கள். இந்த இரண்டும் இல்லாமல்தான் பல பேர் ஏர்போர்ட் வரை வந்து திரும்புகிறார்கள்.

திரும்பி வந்தவரை எங்கே கூட்டிப்போவது என்பதை மனநோயாளிகளைத் தர்காவுக்குக் கூட்டிவரும் ஏர்வாடி பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்துபோனார்கள். வெளியே ஓடக் கால் இருந்தும் ஓட முடியாதவர்கள். இன்று சங்கிலியால் கட்டுவது சட்டப்படி குற்றம். தர்காவில் துவா கேளுங்கள், மனசுக்கு ஆறுதல் என்றால் யாரும் தடுக்கவில்லை. கூடவே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவிலும் காட்டுங்கள்.

மருந்துச்சீட்டு கடைசி. இங்கே சிகிச்சைக்கு வரும் வெளிமாநிலத் தொழிலாளிக்கு, மாத்திரை அட்டையின் பின்புறம் காலைக்குச் சூரியனும் இரவுக்கு நிலாவும் பேனாவால் வரைந்து, பக்கத்தில் எண்ணிக்கையைப் புள்ளியாக வையுங்கள். மனச்சோர்வு மாத்திரை வேலைசெய்ய 2 முதல் 4 வாரம் ஆகும், முதல் வாரம் வயிறு புரட்டும், அதற்காக நிறுத்தக் கூடாது என்று சொல்லுங்கள். பிறகு அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ‘புரிஞ்சுதா’ என்று கேட்டால் தலையைத்தான் ஆட்டுவார். ஒரு சின்ன அட்டையில் அவர் பெயர், வீட்டுமொழி, மாத்திரையின் பெயர், 14416, அன்று வந்த துபாசியின் எண் ஆகியவற்றை எழுதிச் சட்டைப்பைக்குள் வைத்து அனுப்புங்கள். சைட் மாறினால் சாமான் மூட்டை பின்னால் வரும், சில சமயம் வராமலே போகும். சட்டைப்பை கூடவே போகும்.